அணில் எந்த டர்னில் விழலாம்?

பாச்சிரிசு என்ற அணில் போக்கிமானின் ஆறு அடிப்படை எண்களையும் கூட்டினால் 405 வரும். கார்ச்சாம்ப்புக்கு 600. இந்த இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டுப் பாச்சிரிசுவை ‘நோஞ்சான்’ என்று தள்ளிவைக்காத ஆட்டக்காரர் நம்மில் குறைவு. நானும் பல காலம் தள்ளித்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டிகளில் எல்லாப் போக்கிமானும் 50ஆம் நிலையில் நிற்கும். பாச்சிரிசுவின் எச்.பி.க்கு 252 ஈ.வி. (பயிற்சிப் புள்ளி), தற்காப்புக்கு 252 கொடுத்து, தற்காப்பைக் கூட்டும் இம்பிஷ் சுபாவத்தையும் வைத்தால் எச்.பி. 167, தற்காப்பு 134 ஆகிறது. பெருக்கினால் 22,378. நம்மில் பெரும்பாலோர் வளர்க்கும் கார்ச்சாம்ப்பில் 252 தாக்குதலுக்கும் 252 வேகத்துக்கும் போய்விடும், மிஞ்சிய 4 எச்.பி.க்கு. அதன் எச்.பி. 184, தற்காப்பு 115, பெருக்கினால் 21,160. வகைப் பொருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நேரடி உடல் தாக்குதலை அந்தச் சின்ன அணில் கார்ச்சாம்ப்பைவிடச் சற்று அதிகமாகவே தாங்குகிறது. அடிப்படை எண் நமக்குக் கையில் கிடைக்கும் மண். பானை எவ்வளவு கனமாக வரும் என்பது வனைபவரைப் பொறுத்தது.

இந்தக் கணக்கு எனக்கு முன்பே உலகத்துக்குக் காட்டப்பட்டுவிட்டது. 2014 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியின் மாஸ்டர்ஸ் பிரிவில், தென்கொரியாவின் பார்க் செஜுன் பாச்சிரிசுவை அணியில் வைத்துக்கொண்டு பட்டம் வென்றார். கார்ச்சாம்ப், கியாரடோஸ், டேலன்ஃப்ளேம், கார்டெவோர், காத்திடெல் ஆகியவற்றோடு ஆறாவதாக அந்த அணில். ஈ.வி. பங்கீடு மேலே சொன்னதேதான்: 252, 252, மிச்சம் 4 சிறப்புத் தற்காப்புக்கு. கையில் சிட்ரஸ் பெர்ரி. திறன் வோல்ட் அப்சார்ப். மூவ்கள் ஃபாலோ மீ, சூப்பர் ஃபேங், நஸல், புரொடெக்ட்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அணியை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நம் இதழுக்கு வரும் அணிப் பட்டியல்களில் நோஞ்சான் துணை ஒன்று அடிக்கடி தென்படுகிறது. அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் காரணம் பெரும்பாலும் ‘அடியை இழுக்க’ என்ற இரண்டே சொற்கள். பார்க்கின் அணியைப் பார்த்து எடுத்துக்கொள்பவர்கள் உருவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு கைவிட்டுப் போகிறது.

முதலில் அந்த நான்கு மூவ்களைப் பாருங்கள். பாச்சிரிசுவின் தாக்குதல் அடிப்படை எண் 45. சூப்பர் ஃபேங் அந்த எண்ணைக் கேட்பதே இல்லை. எதிரியிடம் மீதமிருக்கும் எச்.பி.யில் பாதியை எடுத்துவிடும். கடிப்பது அணிலா டிராகனா என்று பார்க்காது. நஸலின் வலு வெறும் 20தான். ஆனால் பட்டால் வாதம் உறுதி. எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும் ஃபாலோ மீக்கும், அடியைத் தடுக்கும் புரொடெக்ட்டுக்கும் எந்த எண்ணும் தேவையில்லை. ஆக, இந்தப் பிராணி எதில் பலவீனமோ அதைத் தொடாத நான்கு வேலைகளை மட்டும் பார்க் அதன் கையில் கொடுத்திருக்கிறார். தாக்குதலில் ஒரு ஈ.வி.கூடப் போடாமல் இருக்க முடிந்தது இதனால்தான். வேகத்திலும் போடவில்லை. அடிப்படை வேகம் 95 என்பதால் சும்மாவே 115 கிடைக்கிறது.

அடுத்தது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. கியாரடோஸ் நீரும் பறத்தலும் சேர்ந்த வகை. மின்சாரம் அதன்மேல் நான்கு மடங்காக விழும். அந்தப் பருவத்தில் ரோட்டமும் ஸாப்டோஸும் எதிரே வந்து நிற்பது வழக்கம். அவை கியாரடோஸை நோக்கி விடும் தண்டர்போல்ட்டை ஃபாலோ மீ தன் பக்கம் இழுக்கிறது, வோல்ட் அப்சார்ப் அதை விழுங்கிக் கால் பங்கு எச்.பி.யாக மாற்றிவிடுகிறது. எதிரியின் சிறந்த அடியே நம் துணைக்குச் சாப்பாடாகிறது. கியாரடோஸ் தன் பங்குக்குக் களம் இறங்கும்போதே இன்டிமிடேட்டால் எதிரிகள் இருவரின் தாக்குதலையும் மூன்றில் இரண்டாகக் குறைக்கிறது. அந்தக் கணத்தில் பாச்சிரிசு உடல் தாக்குதலைத் தாங்கும் அளவு ஒன்றரை மடங்காகிறது. யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத இணை இது. துணையைத் தனியாக எடை போடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஜப்பானிய மொழியில் ‘ரிசு’ என்றால் அணில். நமக்கு அணில் என்றதும் ராமர் பாலத்துக்கு மணல் சுமந்த அணில் நினைவுக்கு வரும். அந்தக் கதையில் போற்றப்படுவது அதன் மனம். சுமந்த மணலை யாரும் அளக்கவில்லை. நம் ஆட்டத்தில் அளந்தே ஆக வேண்டும். அளக்கும் படி எது என்பதில்தான் நாம் பிசகுகிறோம். துணை எத்தனை டர்ன் உயிரோடிருந்தது என்று எண்ணுகிறோம். எதிரியின் எத்தனை அடிகள் அதன்மேல் செலவாயின, அந்த நேரத்தில் கூட்டாளி என்ன செய்து முடித்தது என்று எண்ண வேண்டும்.

இரட்டை ஆட்டத்தில் ஒரு டர்னுக்கு எதிரணி இரண்டு காரியங்களைச் செய்யலாம். நாமும் இரண்டு. பாச்சிரிசு ஃபாலோ மீ போட, எதிரிகள் இருவரும் கூட்டாளியைக் குறிவைத்திருந்தால், நம் ஒரு காரியத்துக்கு அவர்களின் இரண்டும் போய்விட்டன. கூட்டாளி அடிபடாமல் ஒரு டிராகன் டான்ஸ் ஆடிவிடுகிறது. இப்படி இரண்டு டர்ன் நின்றுவிட்டு மூன்றாவதில் விழுந்தாலும் எதிரியின் நான்கைந்து அடிகளை அது வாங்கியிருக்கும். நாம் இழந்தது களத்துக்கு எடுத்துவந்த நான்கில் ஒன்றை. அதற்கு ஈடாக இரண்டு முறை ஏறிய தாக்குதலோடும் வேகத்தோடும் ஒரு கியாரடோஸ் நின்றுகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா டர்னிலும் ஃபாலோ மீயை அழுத்துபவர்களும் உண்டு. அவர்களிடம் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், அது வேறொரு பள்ளம். எதிரி அந்த டர்னில் அடிக்காமல் டெயில்விண்ட் வீசினால், ஆளை மாற்றினால், புரொடெக்ட் போட்டால், உங்கள் ஃபாலோ மீ வெறும் காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். துணை என்ன செய்யும் என்று எதிரிக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால் அந்தத் துணையால் பயன் குறைவு. சூப்பர் ஃபேங்கும் நஸலும் இருப்பது அந்த உறுதியைக் கெடுக்கத்தான். அணிலைக் கவனிக்காமல் விட்டால் அது எதிரியின் தூண் போன்ற போக்கிமானின் எச்.பி.யைப் பாதியாக்கும், அல்லது வேகத்தை உடைக்கும். அன்றைய விதியில் வாதம் வந்தால் வேகம் கால் பங்காகிவிடும். 167 வேகத்தில் பாயும் சாலமென்ஸ் 41க்கு இறங்கிவிடும். 2016இல் சன், மூன் விளையாட்டுகள் வந்தபின் அது பாதியாக மாற்றப்பட்டது. இன்றைய கணக்கில் 83. நஸல் இப்போது முன்போலக் கடிப்பதில்லை என்பதை மனதில் வைத்தே துணையைத் தேர்ந்தெடுங்கள். நில வகையிடம் நஸல் செல்லவே செல்லாது என்பதையும்.

எனக்கு மறக்காத தோல்வி ஒன்று உண்டு. எதிரே லாண்டோரஸ். என் அணில் ஃபாலோ மீ போட்டது. கூட்டாளி பாதுகாப்பாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். வந்து விழுந்தது ராக் ஸ்லைடு. இருவரையும் சேர்த்து அடிக்கும் தாக்குதலை ஃபாலோ மீ இழுக்காது. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், பழக்கத்தில் விரல் போய்விட்டது. ராக் ஸ்லைடில் 30 சதவீதம் திடுக்கிட வைக்கும் வாய்ப்பும் உண்டு, அதுவும் அன்று கூட்டாளிமேல் பலித்தது. ஒரு டர்னை வாங்கித் தர வேண்டிய துணை ஒரு டர்னைத் தின்றுவிட்டது. எர்த்குவேக், டாஸ்லிங் கிளீம் எல்லாம் இதே இனம். எதிரணியின் ஆறையும் பார்த்த உடனே இருவரையும் அடிக்கும் மூவ் யாரிடம் இருக்கக்கூடும் என்று எண்ணி, மூன்று பேரிடம் இருந்தால் அன்று அணிலை வெளியே உட்கார வைக்க வேண்டும். ஆறில் நான்கை எடுக்கும் ஆட்டம் இது. எடுக்காமல் விடுவதும் துணையை நன்றாகப் பயன்படுத்துவதில் சேர்ந்ததுதான்.

இன்னொரு ஓட்டை ஃபேக் அவுட். ஃபாலோ மீயின் முன்னுரிமை கூட்டல் 2. ஃபேக் அவுட்டுக்குக் கூட்டல் 3. ஆகவே எதிரியின் கை முதலில் விழுந்து நம் துணை திடுக்கிட்டு நின்றுவிடும். பிறகு இரண்டாவது எதிரி கூட்டாளியைத் தடையின்றி அடிப்பான். முதல் டர்னில் துணை புரொடெக்ட் போட்டால் ஃபேக் அவுட் வீணாகும், ஆனால் எதிரி அதைக் கூட்டாளிமேல் திருப்பிவிடலாம். இதற்கு முழுத் தீர்வு வேறு பிராணியிடம் இருக்கிறது. பெண் இன்டீடீ வந்தாலே சைக்கிக் டெரெயின் விரிகிறது. தரையில் நிற்பவர்மேல் முன்னுரிமைத் தாக்குதல் எதுவும் செல்லாது. அதன் ஃபாலோ மீயை ஃபேக் அவுட்டால் தடுக்க முடியாது.

ஃபாலோ மீ போடும் இன்னொரு பிராணியான கிளெஃபேரியைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுத ஆசை. கூட்டுத்தொகை 323தான். ஆனால் இன்னும் பரிணாமம் கொள்ள வேண்டிய பிராணி என்பதால் இவியோலைட்டைக் கையில் கொடுக்கலாம். இரு தற்காப்பும் ஒன்றரை மடங்காகும். எச்.பி.யிலும் தற்காப்பிலும் முழுமையாக ஈ.வி. போட்டுச் சுபாவமும் பொருந்தினால் எச்.பி. 177, தற்காப்பு 165. பெருக்கினால் 29,205. பாச்சிரிசுவையும் தாண்டிவிட்டது. இதன் மறைதிறனான ஃப்ரெண்ட் கார்டு, கூட்டாளி வாங்கும் அடியில் கால் பங்கைக் குறைக்கிறது. என்னைத் தோற்கடித்த ராக் ஸ்லைடு போன்ற அடிகளிலும் அது குறைக்கும். ஃபாலோ மீயால் அடைக்க முடியாத ஓட்டையை அதே பிராணியின் திறன் பாதியாவது அடைக்கிறது. கிளெஃபேபிளாக வளர்ந்துவிட்டால் இவியோலைட்டும் வேலை செய்யாது, ஃப்ரெண்ட் கார்டும் போய்விடும். எதிரியிடம் நாக் ஆஃப் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லைத் தட்டிவிட்டால் 165 திரும்பவும் 110 ஆகிவிடும்.

பயிற்சியால் தேற்ற முடியாத நோஞ்சான்களும் உண்டு. ஸ்மியர்கிலின் கூட்டுத்தொகை 250. எச்.பி., தற்காப்பு இரண்டிலும் முழுமையாகப் போட்டுச் சுபாவமும் பொருந்தினாலும் பெருக்குத்தொகை 15,390தான். அதைத் தாங்கும்படி வளர்ப்பது பணத்தை ஆற்றில் போடுவது. அதற்கு வழி ஃபோகஸ் சாஷ்: முழு எச்.பி.யில் இருக்கும்போது எந்த ஒற்றை அடியிலும் 1 மிச்சம் வைத்து நிறுத்தும். அந்த ஒரு மூச்சுக்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். இருவரையும் தூங்கவைக்கும் டார்க் வாய்ட் ஸ்மியர்கிலின் கையில் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதற்கு விதி மாற்றமே சான்று. சன், மூனில் அதன் துல்லியம் 80இலிருந்து 50க்கு இறக்கப்பட்டது, டார்க்ராயைத் தவிர யாரும் பயன்படுத்தக் கூடாது என்றும் ஆனது.

விம்ஸிகாட் இதே வழியில் வருகிறது. பிராங்க்ஸ்டர் திறனால் அதன் டெயில்விண்ட் முந்திக்கொண்டு வீசும். நான்கு டர்னுக்கு அணியின் வேகம் இரு மடங்கு. வீசிய டர்னும் அந்த நான்கில் ஒன்று, ஆகவே அதற்குப் பின் மிஞ்சுவது மூன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று வீசிய அடுத்த டர்னில் விம்ஸிகாட்டைக் காப்பாற்ற ஆளை மாற்றினால், உள்ளே வருபவர் ஒரு அடியை வாங்கிக்கொண்டுதான் நிற்பார், அந்த மூன்றில் ஒன்றும் அடிக்காமலே கழியும். அது விழுந்தால், அதன் இடத்துக்கு வருபவர் அடிபடாமல் முழு எச்.பி.யோடு வருவார், காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கும். விழவிட மனம் ஒப்பாமல் மாற்றி மாற்றியே டெயில்விண்டைக் கரைத்த ஆட்டங்கள் பல வந்திருக்கின்றன. சாஷ் நம்பி நிற்கும் துணைக்குப் பன்முறை அடிப்பவை எமன்: உர்ஷிஃபுவின் சர்ஜிங் ஸ்டிரைக்ஸ் மூன்று முறை அடிக்கும், அதன் திறனால் புரொடெக்ட்டையும் கடந்து வரும்.

இழுக்கும் வேலையையே மதிக்காத எதிரிகளும் இருக்கிறார்கள். ஸ்டால்வர்ட் திறன் கொண்ட ஆர்க்கலூடான் தான் குறிவைத்தவரையே அடிக்கும். அதன் எதிரில் ஃபாலோ மீயை அழுத்துவது அந்த டர்னை வீசி எறிவதாகும்.

இதையெல்லாம் வைத்து, அடுத்த இதழிலிருந்து அணிப் பட்டியல் அனுப்புவோரிடம் ஆசிரியர் குழு கூடுதலாக இரண்டு வரிகள் கேட்கிறது. துணைப் பிராணியின் பெயருக்கு எதிரே, அது எந்தெந்த அடிகளைத் தாங்கும்படி ஈ.வி. பிரித்தீர்கள் என்று அடிப்பவரின் பெயரோடும் மூவின் பெயரோடும் எழுதுங்கள். அதற்குக் கீழே, அது எந்த டர்னில் விழுந்தால் பரவாயில்லை, அதற்குள் கூட்டாளி எதைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். தோற்ற ஆட்டங்களின் பதிவையும் அனுப்பலாம். துணை முதல் டர்னிலேயே விழுந்த ஆட்டங்களைத்தான் நாங்கள் முதலில் பார்க்க விரும்புகிறோம்.