மேயர் நாற்காலியும் ஆணையர் கையெழுத்தும்

"மேயர் உங்க ஆளுதானே, அவங்ககிட்டயே போய்க் கேளுங்க." தாம்பரம், பம்மல் பக்கம் குடிநீர், சாக்கடை, பட்டா என்று எதைப் பேசினாலும் நம் தோழர்கள் கேட்டுச் சலித்த பதில் இது. (பட்டா வருவாய்த் துறையின் வேலை, மேயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டுகள். மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச் 4 அன்று 25 வயது வசந்தகுமாரி முதல் மேயரானார். அதில் நமக்கு இன்றும் மகிழ்ச்சிதான். ஆனால் நாம் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு. மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவுன்சிலர்கள். தமிழ்நாட்டில் 1996இலும் 2011இலும் மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் அவசரச் சட்டம் போட்டு அதை மாற்றிவிட்டார்கள்.

"பிரதமரும் அப்படித்தானே வருகிறார்?" என்று கேட்பார்கள். வருவது அப்படித்தான். வந்த பிறகுதான் வித்தியாசம். அரசமைப்பின் 75ஆவது பிரிவுப்படி அமைச்சரவை மொத்தமும் மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பான்மை போனால் ஆட்சி போகும். 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அதிகாரி அமைச்சருக்குக் கீழே, அமைச்சர் அவைக்குக் கீழே. நாடாளுமன்ற ஜனநாயகத்தின் உயிர்நாடி இதுதான்.

மாநகராட்சியில் அந்தச் சங்கிலி அறுந்திருக்கிறது. மன்றம் தீர்மானம் போடும். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றத்தின் ஓட்டு மேயரைப் பதவியிறக்கலாம். 2024இல் காஞ்சிபுரம் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. தேறவில்லை, ஆனால் வந்தது.

இதில் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. வார்டு ஒதுக்கீடு மக்கள்தொகை விகிதப்படி என்பதால் மன்றத்தில் நாம் எப்போதும் சிறுபான்மை. நம் மேயர் பிறருடைய ஓட்டில்தான் அந்த நாற்காலியில் இருக்க முடியும். அண்ணல் 1932இல் தனித் தொகுதிக்காக மன்றாடியது இந்தக் கவலையால்தான். பூனா ஒப்பந்தத்தில் 71 இடம் 148 ஆனது. தனித் தொகுதி போனது. இடம் கூடியதை மட்டும் பேசுகிறவர்கள் யாருடைய ஓட்டில் என்பதைப் பேசுவதில்லை.

நேரடித் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. கூடவே நிர்வாக அதிகாரமும் மேயருக்கு வர வேண்டும். தேர்தல் மட்டும் வந்தால் நாற்காலிக்கு மெத்தை போட்டது போலத்தான்.

அதுவரை கேள்வியைச் சரியான வாசலில் கேட்போம். ஆணையருக்கு மேலே நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர். அவர் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அங்கே கேட்க நம் தொகுதி எம்.எல்.ஏ. இருக்கிறார். பகுதி சபையும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்துக்குப் போகிற தோழர்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். அது பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.