மிளகும் பயறும் வண்டிப்பேட்டையும்

உடையார்பாளையம் என்றதும் இலக்கிய அன்பர்களின் நினைவுக்கு வருவது உ.வே.சா. 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ள அவ்வூர்ச் சமஸ்தானமாகவே இருக்கும். நமக்கோ அவ்வூர்ச் சிவபெருமானின் திருநாமமே முதலில் நினைவுக்கு வருகிறது. பயறணீசுவரர் என்னும் அப்பெயருக்குக் காரணமாக ஒரு கதை சொல்வர். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகன் ஒருவன், மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்கு இல்லை என்பதை அறிந்து, 'இவை பயறு மூட்டைகள்' என்று சொல்லிச் சாவடியைக் கடந்து சென்றான். பிறகு மூட்டையை அவிழ்த்தால் மிளகெல்லாம் பயறாகிக் கிடந்தது. பிழையை உணர்ந்து இறைவனை வேண்டினான். பயறு மீண்டும் மிளகாயிற்று.

பக்தர்கள் இதில் இறைவனின் அருளைக் காண்கிறார்கள். நாம் கூடவே இன்னொன்றையும் காண்கிறோம். ஊரின் வழியைப் பயன்படுத்திக்கொண்டு, அவ்வழிக்குத் தர வேண்டியதைத் தராமல் நழுவிய ஒருவனின் கதை இது. அந்த நழுவல் இன்றும் நடக்கிறது; சாவடியில் அல்ல, கட்டட வரைபடத்தில்.

தமிழகத்துச் சிற்றூர், பேரூர் எதற்குச் சென்றாலும் இதைக் காணலாம். அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் தரைத்தளம் 'வாகன நிறுத்துமிடம்' என்றிருக்கும். கட்டடம் எழுந்தபின் அங்கே ஒரு கடையோ கிடங்கோ வாடகைக்குப் போயிருக்கும். மிளகைப் பயறு என்றது போலவே கடையை நிறுத்துமிடம் என்று எழுதிவிட்டார்கள். வேறுபாடு ஒன்றுதான்: இம்முறை மூட்டைக்குள் எதுவும் மாறுவதில்லை. மாறுவது தெரு. உள்ளே நிற்க வேண்டிய வண்டிகளெல்லாம் தெருவில் நிற்கின்றன.

இதனால் துன்புறுவோர் யார்? காரில் வருபவர் சற்றுச் சலித்துக்கொள்வார், அவ்வளவே. கடைத்தெருவில் நடந்து செல்லும் முதியவரும் பள்ளிப் பிள்ளைகளும் நின்றிருக்கும் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வரவேண்டியிருக்கிறது. சரக்கு லாரி கடைவாயிலை நெருங்க முடியாமல் தொலைவில் நிற்கும்போது, 50 கிலோ சிமெண்ட் மூட்டையைச் சுமக்கும் தொழிலாளியின் முதுகு அந்தத் தொலைவையெல்லாம் தாங்குகிறது. நெரிசலைக் குறைக்கிறோம் என்று அதிகாரிகள் இறங்கும்போது முதலில் அகற்றப்படுவது பெரும்பாலும் பூக்காரியின் கூடைதான். தெருவோர வணிகர்களைக் காப்பதற்கென்றே 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆயினும் நிற்கும் காரைவிடக் கூடையை நகர்த்துவது எளிது என்பதே நடைமுறை.

லாரி அரியலூர் மாவட்டத்திற்குப் புதிய விருந்தாளி அல்ல. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் இம்மாவட்டத்தின் பிழைப்பு. உடையார்பாளையம், செயங்கொண்டம் பகுதியிலோ முந்திரியும் நெசவும். உரம், அரிசி, நூல், மளிகை என எல்லாமே லாரியில்தான் வந்து இறங்குகின்றன. ஆயினும் நிறுத்துமிடம் பற்றிய நம் பேச்செல்லாம் காரைச் சுற்றியே அமைகிறது. சரக்கை ஏற்றவும் இறக்கவும் இடம் வேண்டும் என்பதைப் பேசுவார் குறைவு.

நிற்க. 'சட்டத்தை இறுக்கிவிட்டால் போதும், ஒவ்வொரு கடையும் தனக்கான இடத்தை விடட்டும்' என்பது எளிதில் எழும் குரல். சட்டம் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. 2019இல் மாநிலம் முழுமைக்குமாக ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. எவ்வகைக் கட்டடத்திற்கு எத்தனை வண்டிகளுக்கு இடம் வேண்டும் என்ற அட்டவணையும் அவற்றில் உண்டு. நாம் கேட்பது, அந்தக் கணக்கைப் பழைய கடைத்தெருவின் ஒவ்வொரு கடைக்கும் நீட்ட முடியுமா என்பதே.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும் என்பது வழக்கமான அளவு. சதுர அடியில் சொன்னால் ஏறத்தாழ 135. பத்தடி முகப்பும் முப்பதடி ஆழமும் கொண்ட கடையின் மொத்தப் பரப்பே 300 சதுர அடிதான். ஒரு காருக்கு இடம் விட்டால் கடையில் பாதிக்குச் சற்று அதிகமே மிஞ்சும். முகப்பில் வாசலுக்கு இரண்டடிகூட எஞ்சாது. இப்படிப்பட்ட விதியை ஒரு மளிகைக்கடைக்காரர்மேல் சுமத்தினால் அவர் ஒன்று கடையை மூடுவார், அல்லது மிளகைப் பயறு என்பார். பின்பற்ற முடியாத விதி நேர்மையானவரையும் பொய்யராக்கும்.

அமெரிக்கா இப்பாடத்தைக் காலம் கடந்து கற்றது. அடுக்குமாடி வீடுகளுக்கு நிறுத்துமிடம் கட்டாயம் என்று 1923இல் ஓகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம் விதித்ததை இவ்வகை விதிகளின் தொடக்கமாகச் சொல்வர். பின்னர் அது நாடெங்கும் பரவி, கடையைவிடக் கடையின் முன்னுள்ள வண்டித்திடல் பெரிதாயிற்று. பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005இல் வெளியிட்ட நூலில், இலவசம்போல் தோன்றும் நிறுத்துமிடத்தின் செலவு வாடகையிலும் பொருள்களின் விலையிலும் ஒளிந்துகொண்டு, வண்டியே இல்லாதவர் தலையிலும் விழுகிறது என்று விரிவாகக் காட்டினார். 2017இல் பஃபலோ நகரம் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு மெக்சிகோ நகரம், குறைந்தது இவ்வளவு என்றிருந்ததை அதிகம் போனால் இவ்வளவு என்று மாற்றியது. ஜப்பானோ 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பொறுப்பைக் கார் வாங்குபவரிடமே வைத்தது. வண்டியை நிறுத்தத் தெருவல்லாத ஓர் இடம் தமக்கு உண்டென்று அவர் சான்று காட்ட வேண்டும்.

ஆகவே நமக்கும் விதி வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டோம். அங்கே வண்டிக்கென ஒதுக்கிய நிலம் மிகுந்துபோயிற்று; இங்கே அப்படி ஒதுக்கிய நிலமே இல்லாமல் தெரு தேய்ந்துவிட்டது. நோய் வேறானால் மருந்தும் வேறாகத்தானே வேண்டும்? திருமண மண்டபமும் பல தளத் துணிக்கடையும் பெரிய மருத்துவமனையும் கூட்டத்தை நம்பியே எழுப்பப்படுபவை. கூட்டத்தின் வருவாய் தமக்கும் கூட்டத்தின் வண்டிகள் ஊருக்கும் என்று அவை பங்கு பிரித்துக்கொள்ள விடலாகாது. அவற்றிடம் விதியை முழுமையாகக் கேட்க வேண்டும். கட்டி முடித்தபின்னும் ஆண்டுதோறும் சென்று பார்க்க வேண்டும். சிறு கடைகளைத் தனித்தனியே கேட்பதை விட்டுவிடலாம்.

அவர்களுக்கு என்ன வழி? அது நம் மொழியிலேயே இருக்கிறது. வண்டிப்பேட்டை. மாட்டுவண்டிகள் நின்று, மூட்டை இறக்கி, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பொது இடம். சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு நகராட்சிகள் சட்டமே, நகராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், கட்டணம் பெறலாம், அமைத்தபின் அருகிலுள்ள தெருவோரங்களை அதே காரியத்திற்குப் பயன்படுத்துவதைத் தடுக்கலாம் என்று வகை செய்தது. இடத்தைக் கொடுத்துவிட்டுத் தெருவைக் கேட்பது என்னும் அந்த வரிசை மிக நேர்மையானது. நாம் இன்று இடத்தைக் கொடுக்காமலேயே அபராதச் சீட்டை நீட்டுகிறோம்.

உடையார்பாளையம் போன்ற ஒரு பேரூராட்சி, கடைத்தெருவுக்கு நடந்து செல்லும் தொலைவில் ஒரு பேட்டையை அமைக்கலாம். லாரி அங்கே நிற்கும். சரக்கு சிறு வண்டிகளில் கடைக்குப் போகும். பெரிய சுமைகளை மட்டும் விடியற்காலையில் கடைவாயிலிலேயே இறக்க நேரம் குறிக்கலாம். சிறு கடைகள் தாம் விட முடியாத இடத்திற்கு ஈடாக, கடையின் பரப்புக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பேட்டைக்குத் தரலாம்.

'காசு கட்டிவிட்டுத் தெருவை அடைத்துக்கொள்ள இதுவும் ஒரு வழியாகிவிடாதா?' என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. அதனால்தான் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். வாங்கிய தொகை பேட்டைக்கும் அத்தெருவின் நடைபாதைக்குமே செலவாக வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் வாயிலிலும் அது ஒப்புக்கொண்ட நிறுத்துமிடத்தின் அளவு தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதியது பயறா மிளகா என்பதை வழியில் போகிற எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கதையில் வணிகன் செல்வத்தை இழந்து தவித்தபோது தெய்வம் இரங்கியது. அவன் தராமல் போன சுங்கத்தை ஊருக்குத் தந்தானா என்பது பற்றி நாம் கேட்ட கதையில் ஒன்றும் இல்லை. ஊரின் பங்கை ஊர்தான் கேட்டு வாங்க வேண்டும் போலும்.