வரத்துக்காலை மறந்த ஏரிப் பாதுகாப்பு

ஈரநிலங்களைக் காப்பதற்கான உலகளாவிய ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு 20 இடங்கள் உள்ளன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை. 2002-இல் கோடியக்கரை இடம்பெற்ற பிறகு இருபது ஆண்டுகள் பேச்சே இல்லை. 2022-இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி என்று மளமளவெனச் சேர்ந்தன. 2025 தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களும் வந்துவிட்டன. பெருமைப்படத்தக்க கணக்குதான். ஆனால், இந்த இடங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களை, அதாவது வரத்துக்கால்களை, கேட்பார் இல்லை.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த சதுப்பு நிலம் அது. இன்று ராம்சர் எல்லைக்குள் இருப்பது சுமார் 1,247 ஹெக்டேர். தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை இங்கேதான் வந்து சேர வேண்டும். செம்பாக்கம் ஏரி நிறைந்தால் கலங்கல் வழிந்து நன்மங்கலத்துக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என இறங்கிப் பள்ளிக்கரணையை அடையும். இப்படிப் பல திசைகளிலிருந்து வரும் ஏரிச் சங்கிலிகளின் கடைமடை இந்தச் சதுப்பு. இங்கே தேங்கி, கோரையும் சம்பும் அடர்ந்த பரப்பில் வேகம் தணிந்து, வண்டலை இறக்கிவைத்துவிட்டு, மிச்ச நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மக்களைப் படகில் ஏற்றித்தான் மீட்டார்கள். இடையில் 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகள் லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தன. வெள்ளத்துக்கு ஒரு துறை, வறட்சிக்கு ஒரு துறை என்று அரசு பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது. நோய் ஒன்றுதான்: தண்ணீர் நின்று போக இடமில்லை.

இதை ஆக்கிரமிப்பாளர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக முடியாது. முகப்பேர், அம்பத்தூர் பக்கம் போனால் ‘ஏரித் திட்டம்’ என்ற பெயரிலேயே குடியிருப்புகள் இருக்கும். குடிசை போட்டவர்கள் வைத்த பெயரல்ல. வீட்டுவசதி வாரியம் ஏரிக்குள் மனை பிரித்தபோது வைத்த பெயர். தியாகராய நகர் மாம்பலம் ஏரியின் மேலே எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதியில் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டிப் பெருங்குடியில் மலை எழுப்பியதும் மாநகராட்சிதான். இப்போது அந்தக் குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. கொட்டியதும் மக்கள் பணம், அள்ளுவதும் மக்கள் பணம்!

ஏரிகள் இப்படி அநாதையானதற்கு ஒரு காரணம் எளிதில் கண்ணில் படாது. ஏரி நீரில் விளையும் வயல்களான ஆயக்கட்டு இருந்தவரை ஏரிக்கு ஆள் இருந்தார்கள். வரத்துக்காலில் யாராவது மண்ணைத் தள்ளினால் அந்த ஆண்டு நெல் போய்விடும். ஊரே திரண்டு கேட்கும். வயல் மனையான அன்றே அந்தக் காவல் போனது. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்கள் நகர நெருக்கடிக்கு நடுவிலும் 12,500 ஹெக்டேர் அளவுக்குத் தாக்குப்பிடிப்பதற்கு அவற்றைக் காக்கச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் காரணமல்ல. நகரத்தின் கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் வெயிலும் பாசியும் தெளியவைக்க, அதில் மீன் வளர்த்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. குளம் போனால் பிழைப்பு போகும் என்பதால் காவல் தானாகவே அமைந்துவிட்டது.

நம்மூரில் ‘ஏரி புனரமைப்பு’ என்றால் பொக்லைன் வரும். நடுவில் ஆழமாகத் தோண்டுவார்கள். கரையை உயர்த்தி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டு, விளக்குக் கம்பமும் செயற்கை நீரூற்றும் வைத்துத் திறப்புவிழா நடத்துவார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். ஈரநிலத்தின் உயிர் இருப்பதோ ஓரத்தில், முழங்காலளவு நீரில். இலைக்கோழி நடப்பதும், உள்ளான் இரை தேடுவதும், கோரை வேர்களில் கழிவுநீர் தெளிவதும் அங்கேதான். அந்த ஓரத்தைக் கல்லால் கட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு தொட்டி. கூடவே வரத்துக்காலும் அடைபட்டிருந்தால், மழைக்காலத்தில் ஏரி பாதி காலியாகக் கிடக்க, பக்கத்துத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் செம்பாக்கமே சாட்சி. சுமார் 100 ஏக்கர் ஏரி அது. சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தது. நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி மூன்றும் சேர்ந்து அதன் சீரமைப்பில் இறங்கியபோது, ஏரிக்குள் வரும் கழிவுநீரையும் ஏரிச் சங்கிலியையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொண்டன. கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் பள்ளிக்கரணைக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 2025-இல் ராம்சர் விருதும் பெற்றார். ஒரு ஏரிக்கு இத்தனை பேர் சேர வேண்டியிருந்தது என்றால், மாநிலத்தின் ஏறக்குறைய 39,000 ஏரிகளை அறக்கட்டளைகளை நம்பி விட முடியாது. சட்டம்தான் நிற்க வேண்டும்.

சட்டத்திலோ ஓட்டை. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகின்றன. சக்கரக்கோட்டைக் கண்மாயை உலகப் பட்டியல் ஏற்கிறது. அதே போன்ற இன்னொரு பாசனக் கண்மாயை உள்நாட்டு விதி ஈரநிலம் அல்ல என்கிறது. மாநிலத்தின் 2007 ஏரிப் பாதுகாப்புச் சட்டமோ பொதுப்பணித் துறைப் பொறுப்பிலிருந்த ஏரிகளுக்கானது. ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றேரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. மத்திய விதி மாறும்வரை மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. எல்லா ஏரிகளையும், அவற்றோடு வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால் மூன்றையும் சேர்த்துக் காக்கும்படி தன் சட்டத்தைத் திருத்தலாம். அளந்து கல் நட்டு, வார்டு அலுவலகச் சுவரில் வரைபடத்தை ஒட்டலாம்.

மனை வாங்குவோரும் ஒன்று செய்ய வேண்டும். விற்பவர் காட்டும் வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். அந்தப் புல எண்ணிலோ பக்கத்திலோ ‘வாய்க்கால்’, ‘ஓடை’, ‘ஏரி உள்வாய்’ என்று எழுதியிருந்தால், அந்த மனை வேண்டாம்.