ஒன்பது வோல்ட் மூளையும் ‘திறனற்ற’ கைகளும்

பெங்களூரில் என் அறைத்தோழன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டு, ஒரு டம்ளர் உப்புத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான். கீபோர்டு கற்றுக்கொண்டிருந்த காலம். வலது கை ஓடுகிறது, இடது கை கூட வரமாட்டேன் என்கிறது. “மூளைக்குக் கொஞ்சம் கரண்ட் குடுத்தா ரெண்டு கையும் செட் ஆயிரும் மச்சி” என்றான். நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ஷார்ட்கட் இருக்கிறது என்று நம்புவதற்குத்தானே எனக்கும் சம்பளம் தருகிறார்கள்.

அவன் சொன்னது முழுப் புருடாவும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மண்டையைத் திறக்காமல் தலைத்தோல் வழியே சுமார் ஒரு மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்தி, கையை இயக்கும் மூளைப்பகுதியின் துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். டிடிசிஎஸ் என்று அதற்குப் பெயர். 2016இல் இதே தத்துவத்தில் ‘ஹாலோ ஸ்போர்ட்’ என்ற ஹெட்போன் அமெரிக்கச் சந்தைக்கே வந்துவிட்டது.

இரு கை வேலை என்பது மூளைக்குள் நடக்கும் ஒரு பேரம். வலது கையை இடப்பக்க மூளை ஓட்டுகிறது, இடது கையை வலப்பக்கம். நடுவில் இருக்கும் நரம்புப் பாலம் வழியே ஒன்று இன்னொன்றை அடக்கியும் விட்டுக்கொடுத்தும் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தை ஏற்றி, மறுபக்கத்தை இறக்கினால் பேரம் சுலபமாகும் என்பது கணக்கு.

கணக்கு தாளில் சரி. 2014இல் ஸ்பெயினில் ஒரு குழு சோதித்தபோது, எதிர்பார்த்தபடி மூளை அசைந்து கொடுத்தது பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான். 2018இல் புசாக்கியின் குழு சடலங்களில் அளந்து பார்த்தது: செலுத்திய மின்சாரத்தில் முக்கால்வாசி தோலிலும் எலும்பிலுமே கரைந்துபோகிறது.

என்னை உலுக்கியது இன்னோர் ஆய்வு. 2014இல் ஃபுருயா குழுவினர் பியானோ கலைஞர்களுக்கும், இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் மூளையின் இரு பக்கமும் இப்படி மின்சாரம் கொடுத்தார்கள். பழகாத விரல்கள் மேம்பட்டன. பழகிய விரல்கள் மேம்படவில்லை, தடுமாறவே செய்தன. வருஷக்கணக்காக உழைத்த கைக்கு பேட்டரி தருவதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கூடலூரில் இருக்கும் என் பெரியம்மா.

முப்பது வருஷம் அவள் குமுளி தாண்டி ஏலக்காட்டுக்குப் போனவள். விடியுமுன் ஜீப். எட்டுப் பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினைந்து பேர். ஏலச்செடி ஆளை விட உயரம், ஆனால் காய் தொங்குவது தரையோரச் சரத்தில். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, விளைந்த காய் மூன்றும் இருக்கும். ஒரு கை சரத்தை விலக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை விளைந்ததை மட்டும் கிள்ள வேண்டும். பூ உதிர்ந்தால் அடுத்த எடுப்புக்குக் காய் கிடையாது. குனிந்தபடி, மழையில், அட்டை கடிக்க, பேசிக்கொண்டே செய்வார்கள். “எப்படிப் பெரியம்மா பாக்காமலே எடுக்குற?” என்று கேட்டேன். “கையிக்குத் தெரியும்டா தம்பி. என்னையக் கேட்டா?” என்றாள்.

அந்தப் பியானோ கலைஞரின் விரல்களுக்கும் இந்தக் கைகளுக்கும் மூளைக்குள் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் வருஷங்களால் ஆனவை. ஆனால் அங்கே அதன் பெயர் கலை. இங்கே? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் அவளைப் போன்றவர்களுக்கு நூறு நாள் வாக்களித்த வேலைக்கு வைத்த பெயர் ‘அன்ஸ்கில்டு மேனுவல் ஒர்க்’. திறன் வேண்டாத உடலுழைப்பு. அந்த வார்த்தை வேலையைத்தான் சொல்கிறது என்பார்கள். கூலி பேசும் இடத்தில் அது ஆள்மேல் ஒட்டிக்கொள்கிறது.

“உழைப்பை ரொமான்டிசைஸ் பண்ணாதே” என்று கமெண்ட் வரும். பண்ணவில்லை. பெரியம்மாவின் இடுப்பு போய்விட்டது. மகளை அவள் காட்டுப்பக்கம் விட்டதே இல்லை. ஒரு வேலை கொடுமையாக இருக்கலாம், அதே வேலைக்கு அபாரமான திறனும் வேண்டியிருக்கலாம். கொடுமையைக் காட்டித் திறனை மறுப்பது முதலாளிக்கு மட்டும்தான் லாபம்.

டிடிசிஎஸ் ஆய்வின்மேலும் எனக்குக் கோபம் இல்லை. விரல் மடங்கிப்போன பியானோ கலைஞர்களுக்கு, இரு கைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது அது கைகொடுத்திருக்கிறது. பயிற்சியோடு சேர்த்து, அவ்வளவுதான். கோபமெல்லாம் பயிற்சியைத் தாண்டிக் குதிக்க ஹெட்போன் தேடும் நம்மேல். கற்கும் நேரத்தை நாம் வீண் என்று நினைக்கிறோம். அதனால்தான் அந்த நேரம் முழுவதையும் கைகளில் சேமித்து வைத்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து, வாய்கூசாமல் ‘அன்ஸ்கில்டு’ என்று சொல்ல முடிகிறது.

என் நண்பனுக்கு நெற்றியோரம் தோல் சிவந்ததுதான் மிச்சம். இடது கை இன்னும் வரவில்லை. தினமும் ஒரு மணி நேரம் உட்காருடா, வரும். பெரியம்மாவுக்குப் பயிற்சி பாக்கி இல்லை. கூலிதான் பாக்கி.