விலை கேட்பது இழுக்கன்று

பேரம் பேசுவதைக் கஞ்சத்தனம் என்று நம்மில் சிலர் கூசுகின்றனர். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்துக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களே விலை பேசினார்கள். மதீனா சேர்ந்ததும் பேசிய விலையைக் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே அளித்தார்கள். பேச்சில் தெளிவு, கொடுப்பதில் தாராளம்: இதுவே சுன்னத்.

நம் நீலகிரியிலோ, தேயிலை பறித்துச் சேர்த்த காசில் மகனுக்கு பைக் வாங்க வரும் தாயிடம், சாலைவரி, பதிவு, காப்பீடு ஆகியவற்றுக்கிடையே 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்றொரு தொகையும் நுழைக்கப்படுகிறது. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது, 2025 செப்டம்பர் 22 முதல். அரசு விட்டுக்கொடுத்ததைக் கடை விழுங்கலாமா? காப்பீட்டை விரும்பிய நிறுவனத்தில் எடுக்கலாம் என்பதை மறைக்கலாமா?

சகோதரர்களே, ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேளுங்கள். உடன்பட்டதை இழுத்தடிக்காமல் செலுத்துங்கள். விற்பவர் நம்மவராயின் சூரத்துல் முதஃப்பிஃபீனை நினைவூட்டுங்கள். கூச வேண்டியவர் கேட்பவர் அல்லர், மறைப்பவரே.