எழுதாத பேனாவின் விலை
பழைய ஊற்றுப் பேனாக்கள் இன்று விலைபோகும் விதத்தைக் கவனித்தால், விலையைக் காட்டிலும் அதை நிர்ணயிக்கும் நியாயமே விசித்திரமாகப் படுகிறது. 1941-இல் கடைக்கு வந்து லட்சோப லட்சமாய் விற்ற பார்க்கர் 51 பேனாக்களில், நாற்பதுகளின் இறுதியில் சொற்ப காலமே செய்யப்பட்ட ப்ளம் நிறத்துக்குத் தனி மவுசு. அதுவும் பெட்டியும் விலைச்சீட்டும் குலையாமல், ஒரு முறையேனும் மை தொடாமல் இருந்துவிட்டால், மதிப்பு மேலும் உயர்கிறது. உற்பத்தி நின்றுபோன பென்மன் சஃபையர் நீல மைக்கும், புட்டி திறக்கப்படாதிருந்தால், அந்நாளைய விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். ஆனால் உடையவர் ஆசையோடு தம் பெயரைப் பொறித்து, தம் கைவாகுக்கு முள் தேயும்வரை எழுதித் தீர்த்த பேனாவென்றால், அந்தப் பெயரையே வடுவாகக் கருதிச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துவிடுகிறார்கள். அபூர்வத்துக்கு அதிக விலை வைப்பது வாணிப தர்மம். அதில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும், எழுதுவதற்கென்றே பிறந்த வஸ்து எழுதாமலிருந்ததற்காகச் சன்மானம் பெறுவதையும், உழைத்த பேனா உழைத்த குற்றத்துக்காகவே மலிவாவதையும் காணும்போது, யாரோ ஒருவரின் பெயர் பொறித்ததை அடிமாட்டு விலைக்கு வாங்கி மை நிரப்பி எழுதுகிறவனே உண்மையில் லாபமடைந்தவன் என்று எனக்குத் தோன்றுகிறது.