கண்மாய்க்கு எல்லை சொல்லும் காகிதம்

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பியது. பந்தல்குடி வாய்க்கால் தாங்கவில்லை. கட்டபொம்மன் நகர் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. பிறகு கண்மாயிலிருந்து வைகைக்குப் புதிய கான்கிரீட் வாய்க்கால் கட்ட அரசு நிதி ஒதுக்கியது. ஆனால் டீக்கடைகளில் எழுந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது: பந்தல்குடி வாய்க்கால் ஆதியில் எத்தனை அடி அகலம்? ஒருவர் தன் தாத்தா சொன்ன கணக்கைச் சொல்வார். இன்னொருவர் அதில் பாதியைச் சொல்வார். மூன்றாமவர், கரையில் வீடு கட்டியவர், அப்படி ஒரு வாய்க்காலே பெரிதாக இருந்ததில்லை என்பார்.

இந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய சாட்சி காகிதம்தான். வருவாய்த் துறையின் புலப்படம், ‘அ’ பதிவேடு, நீர்நிலையைப் பராமரித்த துறையின் பழைய குறிப்புகள், நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு ஆகியவை சேர்ந்து கிடைத்தால் வாய்க்காலின் அகலம் வாய்ப்பேச்சாக இருக்காது. 2004இல் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் வராத மாதம் இல்லை. அங்கும் வக்கீல்கள் முதலில் தேடுவது இந்தப் பழைய ஏடுகளைத்தான். அவை எங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, யார் பொறுப்பில் இருக்கின்றன என்பது செல்லூரின் மழைநீர்ப் பிரச்சினையின் ஒரு பகுதி என்று நாம் இன்னும் நினைக்கப் பழகவில்லை.

அரசு அலுவலகத்தில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு கோப்பு முடிந்ததும் அதன் மேலட்டையில் இரண்டே எழுத்தில் ஆயுள் எழுதப்படும். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. நி.மு. என்று போட்டால்தான் அது நிரந்தரம். சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கிய அலுவலக முறை இது. இன்றுவரை நம் தாலுகா அலுவலகங்கள் இதன்படிதான் ஓடுகின்றன. நல்ல முறைதான். எல்லாக் காகிதத்தையும் வைத்துக்கொள்ள எந்த அரசாலும் முடியாது. அழிப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

சிக்கல், அந்த இரண்டு எழுத்தை யார், எந்த அறிவோடு எழுதுகிறார் என்பதில் இருக்கிறது. வாய்க்கால் கரையில் ஒரு சுவர் எழும்பியதாக ஒரு புகார் வருகிறது. அளந்து பார்க்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள், பேச்சுவார்த்தையில் விஷயம் அடங்குகிறது. வேலைப்பளுவில் இருக்கும் உதவியாளர் அதற்கு மூ.மு. போட்டு முடிக்கிறார். மூன்றாண்டு கழித்து அந்த அளவைக் குறிப்பு சட்டப்படி அழிக்கப்படலாம். யாரும் குற்றம் செய்யவில்லை, யாரும் லஞ்சம் வாங்கவில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து மழை வரும்போது வாய்க்காலின் அகலத்தைச் சொல்ல ஆள் இல்லை. ஒரு நீர்நிலையைத் தொட்ட கோப்புக்கு நி.மு. போட வேண்டும் என்று தெரிந்தவரை அந்த மேசையில் உட்கார வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மழையில் நாம் இழப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆனால் பதிவறைக்கு மாற்றலானால் அதைத் தண்டனை என்றுதான் நம் அலுவலகங்களில் பேசிக்கொள்கிறார்கள். தூசியும் கரையானும் மின்விசிறி இல்லாத அறையும் என்று ஒரு சித்திரம். பதிவறை எழுத்தர் பதவி அலுவலக ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று. அந்தப் படியில் நிற்பவரிடம்தான் ஊரின் நில உரிமை, பிறப்பு இறப்பு, கண்மாய், தெரு எல்லாவற்றின் நினைவையும் ஒப்படைத்திருக்கிறோம்.

இது படித்துச் செய்ய வேண்டிய தொழில். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1891இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் ஆவணவியல் பள்ளி முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும், குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் நடத்துகிறது. அங்கே கற்றுக்கொள்வது வரலாறு மட்டுமல்ல. இருநூறு வருடத்துத் துணிக்கூழ்க் காகிதம் ஏன் இன்னும் வெளுப்பாக இருக்கிறது, அதற்குப் பின் வந்த மரக்கூழ்க் காகிதம் ஏன் அமிலத்தால் பழுப்பேறி அப்பளமாக நொறுங்குகிறது என்ற வேதியியலும் உண்டு. கிழிந்த தாளை மெல்லிய டிஷ்யூ தாளும் மாவுப் பசையும் வைத்து ஒட்டும் கைவேலையும் உண்டு. இராமபாணப் பூச்சி எந்த ஈரத்தில் பெருகும் என்ற அறிவும் வேண்டும். ஓலைச் சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதிலிருந்து ஸ்கேன் செய்த படத்துக்குத் தேடும்படி பெயரிடுவது வரை எல்லாம் இந்த வேலையில் அடக்கம். நாயக்கர் காலத்துத் தெலுங்கு, தஞ்சை மராட்டியரின் மோடி எழுத்து, கம்பெனி குமாஸ்தாவின் சுருள் சுருளான ஆங்கிலக் கையெழுத்து ஆகியவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். வரலாறோ தமிழோ நூலக அறிவியலோ படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் மதுரைப் பிள்ளைகளுக்கு இங்கே இடம் இருக்கிறது. நீதிமன்றம், மருத்துவமனை, வங்கி, கோயில், பத்திரிகை அலுவலகம், பல்கலைக்கழகம் என்று காகிதம் சேராத நிறுவனம் எது?

இந்தத் தொழிலில் இருந்தவர்கள் செய்தது சாதாரணமல்ல. எழும்பூரில் 1909இல் உருவான அன்றைய மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸின் பொறுப்பில் இருந்தவர் பி.எஸ்.பாலிகா. 1960இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதியவர் அவர்தான். மதுரையைப் பற்றி யார் ஆய்வு செய்தாலும் இன்றும் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் நகர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் அனுமதியின்றி ஆவணத்தை அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான் பொருந்தும். மகாராஷ்டிரம் 2005இலும் கர்நாடகம் 2010இலும் தங்களுக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டன. இன்னொன்று எல்லோருக்கும் பொருந்தும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் பதிவேடுகளைப் பட்டியலிட்டு, தேடி எடுக்கும் வகையில் வைத்திருக்க வேண்டும் என்றே தொடங்குகிறது. மனுப் போட்டுத் தகவல் கேட்கும் உரிமையை நாம் நன்றாகப் பிடித்துக்கொண்டோம். அந்த உரிமைக்கு அடித்தளமான இந்தக் கடமையை அலுவலகங்களும் மறந்தன, நாமும் நினைவூட்டவில்லை.

எல்லாவற்றையும் அரசின் தலையில் போட்டுவிட்டு நகர்வதும் நேர்மையல்ல. செல்லூர் தறிகளின் ஊர். ஒரு கைத்தறிச் சங்கத்தின் பாவுக் கணக்கு, கூலிப் பதிவேடு, கட்டத்தாளில் வரைந்த கரை டிசைன் ஆகியவற்றில் ஒரு தலைமுறை என்ன உடுத்தியது, நெய்தவர் என்ன சம்பாதித்தார் என்பது இருக்கிறது. சங்கம் நொடித்தால் முதலில் எடைக்குப் போவது இவைதான். கபடிக்குச் சிலை வைத்திருக்கும் ஊர் இது. குழுக்களின் பழைய போட்டோக்களும் கோப்பைப் பட்டியலும் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன? சம்பந்தர் பாடிய திருவாப்புடையார் கோயிலும் இங்கேதான் இருக்கிறது. தேவாரம் நிலைத்துவிட்டது. கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களின் கணக்கு நிலைக்க வேண்டுமானால் யாராவது அதை எடுத்துவைக்க வேண்டும்.

தனி மனிதரால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்குக் கோட்டையூர் தொலைவில் இல்லை. அந்த ஊரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய அச்சுப் புத்தகம் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பொருட்களைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. செட்டிநாட்டு வீட்டில் சேர்ந்த செல்வத்தைக் காக்க சிகாகோ வர வேண்டியிருந்தது என்பதில் நமக்குப் பெருமைப்பட எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழர்கள் இழப்பிலிருந்து கற்றார்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின என்பது கணக்கு. 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தது. பணமும் கட்டடமும் வருவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது.

‘எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே’ என்பது வழக்கமான பதில். இணையத்தில் இருப்பது இன்றைய பட்டா. வாய்க்காலின் கதை அதற்கு முந்தைய ஏடுகளில் இருக்கிறது. தப்பாக ஏறிய ஒரு சர்வே எண்ணைத் திருத்தப் பழைய ஏட்டைத் தேடி அலைந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும், மூலம் இல்லாத நகலுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்று. ஸ்கேன் செய்வது அவசியம். அதற்காக மூலத்தைத் தூக்கிப் போடுவது அறிவீனம்.

மாநகராட்சியும் வருவாய்த் துறையும் பதிவறைகளில் பயிற்சி பெற்றவர்களை, கௌரவமான சம்பளத்தில் நியமிக்கட்டும். மதுரைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களை ஒரு பருவத்துக்கு அங்கே அனுப்பட்டும். அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்கட்டும். நெசவாளர் சங்கங்கள் பழைய பதிவேடுகளை எடைக்குப் போடும் முன் ஒரு கல்லூரிக்காவது தகவல் சொல்லட்டும். வீட்டில் இருக்கும் பத்திரத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் லேமினேஷன் போடாதீர்கள். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு, ஈரம் படாத இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒத்துப்போகக்கூடிய வேலை இது. வாய்க்கால் எத்தனை அடி என்று தெரிந்தால் ஆளும் கட்சிக்காரர் வீட்டிலும் தண்ணீர் வராது, எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலும் வராது.

2022 நவம்பரிலிருந்து தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் செல்லூர்க்காரர்கள் குழாயும் குப்பையும் கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும்: பந்தல்குடி வாய்க்காலின் அளவைப் பதிவேடு எந்த அலுவலகத்தில், எந்த அலமாரியில் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு? கேள்வியை எழுத்தில் கொடுங்கள். ஒப்புதல் சீட்டை வாங்கி, தேதி போட்டு, பத்திரமாக வையுங்கள்.